அப்பாவின் அங்கி

"அந்த நைட்டிய முதல்ல கழட்டுக்கா" என்றான் தம்பி, கோட்டு உறையின் ஜிப்பை இழுத்தபடி.

அப்பா கட்டிலில் கிடந்தார். உயிர் போய் நாலு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் தம்பித் துரைக்குக் கௌரவம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது.

"நைட்டி இல்லடா. அங்கி."

"ஏதோ ஒரு கருமம். டிப்போலேருந்து எல்லாரும் வராங்க. முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன் பொம்பள துணியிலயா கிடக்கணும்?"

அங்கி என்று பேர் வைத்ததே அப்பாதான். வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு இடுப்பில் எதுவும் இறுகக் கூடாது என்றார்கள். அக்கா தையல்காரி. கழுத்திலிருந்து கணுக்கால்வரை தொளதொளவென்று, முன்னால் முழுக்கப் பொத்தான் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றவர், "எந்த ராஜாடி பேன்ட் போட்டான்? அங்கிதான் போட்டான்" என்று சிரித்தார். மூன்று வருஷம் அதுதான். நாலு தெரு தள்ளியிருக்கும் மகன் மாதம் ஒருமுறை வந்து, வாசலிலேயே நின்று, "இது என்ன வேஷம்?" என்று கேட்டு, பைக் சாவியை ஆட்டிவிட்டுப் போவான். அப்பா வாயே திறக்கமாட்டார்.

பெட்டியை இறக்கிவிட்டு நின்ற சவப்பெட்டிக்காரர் கோட்டைத் தூக்கிப் பார்த்தார். "உடம்பு விறைச்சிடுச்சுங்க. முதுகுப் பக்கம் கத்தரிச்சாத்தான் போடலாம். மேல பாத்தா தெரியாது."

"கத்தரிங்க."

"கத்தரி வெச்சீங்க, அப்புறம் நடக்கறதே வேற!" வீடே அதிரக் கத்தினாள். "இருந்தப்ப ஒரு நாள் பக்கத்துல உக்காந்தியாடா நீ? இப்ப மாப்பிள்ளை மாதிரி ஜோடிக்க வந்துட்ட!"

"நீ நகரு. நானே கழட்டறேன்."

குனிந்து பொத்தான்களை அவிழ்த்தான். நாலாவதில் கை நின்றது. வயிற்றின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டியிருந்தது. பாதி நிறைந்திருந்தது.

"என்னக்கா இது?"

"கக்கூஸ் போற வழிய அங்க மாத்தி வெச்சிட்டாங்க. மூணு வருஷமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னாரு. நீ மூஞ்சி சுளிக்கறத அவரால பாக்க முடியாதாம்."

சவப்பெட்டிக்காரர் தன் கத்தரியைக் கருவிப் பெட்டிக்குள் வைத்தார். தம்பி அவிழ்த்த பொத்தான்களைக் கீழேயிருந்து மாட்ட ஆரம்பித்தான்.

"டேய்! அங்க அமுக்காத, வலிக்கும் அவருக்கு!" என்று சீறினாள் அக்கா.

கையைச் சட்டென்று எடுத்தான். பிறகு துணியை வயிற்றில் படாமல் தூக்கிப் பிடித்து, அடுத்த பொத்தானை மாட்டினான்.