கூரைமேல் ஈரச் சாக்கு

சௌந்திரத்தின் மண்டைக்குள் யோசனைகள் வரிசையில் நிற்காது; முண்டியடிக்கும்.

எண்பத்து மூன்றாம் வருஷத்துச் சித்திரை வெயிலில், நாமக்கல்லுக்குத் தெற்கே இருந்த அவர்களுடைய பண்ணையில், மத்தியானமானால் முட்டைக்கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிச் சாய ஆரம்பித்தன. உடனே ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் தென்னோலை போடச் சொன்னாள். சாயங்காலக் காற்று ஓலையைப் பக்கத்துக் காட்டில் கொண்டுபோய்த் தள்ளியது. கயிறு போட்டுக் கட்டலாமே என்று புருஷன் குமாரசாமி சொல்லி முடிப்பதற்குள் அவள் சாக்குக்குத் தாவியிருந்தாள். கம்பிவலையெங்கும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டாள். காற்று அடைபட்டு உள்ளே புழுங்கியதில் சாவு கூடிப்போனது. சாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மோட்டாரைப் போட்டுக் கூரைமேல் தண்ணீர் பீய்ச்சினாள். அது ஆணி ஓட்டை வழியாக ஒழுகியதில், தரையில் பரப்பியிருந்த நிலக்கடலைத் தோல் பொட்டு நனைந்து நாறியது. அதையும் விட்டாள்.

"அம்மிணி, இன்னைக்கும் கூடை நெறஞ்சுபோச்சுங்க" என்றாள், செத்ததைப் பொறுக்கிவந்த வேலைக்காரி குப்பாயி.

சௌந்திரம் குமாரசாமியிடம் திரும்பினாள். "ஏனுங்க, கூரைக்குச் சுண்ணாம்பு அடிச்சுப் பாக்கலாமுங்க. இல்லீன்னா ஐஸ் வாங்கியாந்து தண்ணித் தொட்டில போடலாம். இல்லீன்னா..."

குமாரசாமி கொட்டகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கோழி சாவுது, நீங்க கல்லாட்டம் நிக்கறீங்க. உங்களுக்கு ஒன்னாச்சும் தோணுதுங்களா?"

"தோணல புள்ள. நீ சொன்னதையே நான் இன்னும் யோசிச்சு முடிக்கல."

இந்த மனுசனோடு பேசிப் பிரயோஜனமில்லை என்று சுண்ணாம்பு வாங்க டவுனுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

திரும்பி வந்தபோது குமாரசாமி ஏணிமேல் நின்றான். கூரை முழுக்கச் சாக்கு விரித்து, கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. குப்பாயி எடுத்துக் கொடுத்த தண்ணீரைச் செம்பால் தெளித்துக்கொண்டிருந்தான்.

"சாக்கு ஆகாதுன்னு பாத்தமல்லங்க!"

"பக்கவாட்டுல கட்டுனாத்தான் ஆகாது. மேல போட்டா காத்த மறிக்காது. தண்ணியையும் புடிச்சு வெச்சுக்கும். கொஞ்சமாத் தெளிச்சாப் போதும், ஒழுகாது."

மறுநாள் மத்தியானம் செத்த கோழிகளால் கூடையின் அடிதான் மறைந்தது. தீவனம் இறக்க வந்த தண்டாயுதபாணி அண்ணாந்து பார்த்து, "யாரு யோசனைங்க இது?" என்று கேட்டார்.

"எங்கூட்டுக்காரியுது" என்றான் குமாரசாமி.

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் போனதும் கேட்டாள்: "உங்க யோசனைய எதுக்குங்க என்னுதுன்னு சொன்னீங்க? பாவம் பாத்துங்களா?"

"சாக்கு உன்னுது, தண்ணி உன்னுது. கவுறு மட்டுந்தான் என்னுது. நீயில்லாட்டி நான் இன்னும் சும்மா நின்னுட்டுத்தான் இருப்பேன்."

அன்றிரவு அவள் புரண்டு புரண்டு படுத்தாள். தனக்கு எந்த யோசனையோடும் ஒரு நாள்கூடக் குடித்தனம் நடத்தத் தெரியவில்லை என்பது உறைத்தது. மறுநாள் அவனைப்போல் ஒரே இடத்தில் நின்று கோழிகளையே பார்க்க முயன்றாள். கால் நிலைகொள்ளவில்லை. கொண்டையின் சிவப்பு கண்ணில் பட்டது, உடனே ஒன்று தோன்றியது, பின்னாலேயே இன்னொன்று.

ஓடிப்போய்ச் சொன்னாள். "பைப்புல ஓட்டை போட்டுக் கூரை முகட்டுல படுக்க வெச்சுத் தண்ணிய உட்டா, ஏணி ஏற வேண்டியதில்லீங்க."

"சரி. அளந்து பாக்கலாம்" என்று அவன் நூல்கயிறு தேடப் போனான். அவன் நிதானமாக அளந்து முடிக்கும்வரை, அடுத்ததைச் சொல்லாமல் உதட்டைக் கடித்தபடி கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.