நல்ல நேரத்தில் பாடிய வால்வு

விழுப்புரத்தின் வரலாறு இனி இரண்டாகப் பிரிக்கப்படும்: வால்வுக்கு முன், வால்வுக்குப் பின். இதை ஊர் தாங்குமா என்ற கவலையோடுதான் ஆயுதபூஜையன்று காலையில் கோகுலகிருஷ்ணன் பல் துலக்கினார்.

கல்லூரியில் இயற்பியல் நடத்துபவர். பல மாதங்களாகக் கூடத்து மேசையைப் பிடித்துக்கொண்டு, பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடி வால்வுகளைத் தேடி வாங்கி, ஈயம் உருக்கி, சின்னதாக ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டியிருந்தார். முந்தின நாள் அது பாடியும் விட்டது. டிரான்சிஸ்டரில் வருவது சத்தம், வால்வில் வருவதுதான் சங்கீதம் என்று அவர் சொல்லாத ஆளில்லை. திண்டிவனத்தில் மைக்செட் வாடகைக்கு விடும் மைத்துனன் தாண்டவராயனிடம் மட்டும் இரண்டு தடவை சொல்வார்.

மனைவி சித்ராவுக்குச் சங்கீதத்தோடு பகை கிடையாது, மேசைதான் வேண்டும். அவளுடைய தையல் மெஷின் சமையலறை வாசலில் இடுக்கிக்கொண்டு நின்றது. கடைசியில் பேசி முடித்தார்கள்: பூஜைக்கு வரும் தாண்டவராயன் கேட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்றால் மேசை வால்வுக்கு, இல்லாவிட்டால் மெஷினுக்கு.

அவர் குளிக்கப் போன நேரத்தில் சித்ரா அரிவாள்மணை, மெஷின், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். வால்வுகளின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். சாமி படத்துக்கு உயரம் பற்றாததால் ஸ்பீக்கர் பெட்டியை அடியில் கொடுத்துப் பட்டுத்துணி போர்த்தி, மேலே பொரித் தட்டையும் வைத்தாள்.

காலண்டரில் போட்டிருந்த நல்ல நேரம் வந்தது, தாண்டவராயனும் வந்து உட்கார்ந்தான். கோகுலகிருஷ்ணன் சுவிட்சைத் தட்டினார். வால்வு சூடேறக் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று விளக்கினார். கண்ணாடிக்குள் செம்மஞ்சள் கங்கு தெரிந்தது, சந்தனம் காய்ந்து மணத்தது. செல்போனில் நாதஸ்வரத்தைத் தொட்டுவிட்டு, வால்யூமை மெல்லத் திருகினார். நாதஸ்வரம் மெல்ல எழுந்து கூடத்தை நிறைத்தது.

“கண்ண மூடிக்கினு கேளு மச்சான். அந்தக் கதகதப்பு தெரியுதா? ஒன் டிரான்சிஸ்டர் பொட்டில இது ஜென்மத்துக்கும் வராது.”

தாண்டவராயன் கண்ணை மூடவில்லை. பொரியை மென்றுகொண்டே, “நல்லாத்தான் கீது மாமா” என்றான்.

கோகுலகிருஷ்ணன் சித்ராவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டிரான்சிஸ்டரின் குற்றங்களைப் பட்டியலிட ஆரம்பித்தார். இடைஞ்சலாக இருந்ததால், பேச்சு கேட்கட்டுமென்று வால்யூமைக் குறைத்தார். நாதஸ்வரம் குறையவில்லை. முழுக்கத் திருகி மூடினார். சுவிட்சையே அணைத்தார். வால்வுகள் இருண்டன, தவில் சேர்ந்துகொண்டது.

“அது நம்ம செட்டு மாமா” என்றான் தாண்டவராயன். “முக்குல ஆட்டோ ஸ்டாண்டு பூஜைக்கு வெடிகாலையிலயே வந்து கட்டிட்டேன். அவங்களும் இதே நல்ல நேரம்தான் பாத்தாங்க.”

கோகுலகிருஷ்ணன் பட்டுத்துணியைத் தூக்கினார். ஸ்பீக்கர் ஒயர் சுருட்டிப் பெட்டிக்கு அடியில் செருகப்பட்டிருந்தது.

“துணி சரியா நிக்கல. அதான் கழட்டினேன்” என்றாள் சித்ரா.

அவர் அவசரமாக ஒயரை மாட்டி மறுபடி போட்டார். அது பாடியிருக்கலாம்; வெளியே ஓடிய மைக்செட்டில் யாருக்கும் கேட்கவில்லை. சரி, தீர்ப்பு சொன்னது சொன்னதுதானே என்று மைத்துனனைப் பார்த்தார்.

“என் செட்டத்தான மாமா சொன்னேன்.”

மறுநாள் அந்த மேசையில் சித்ரா இரண்டு ஜாக்கெட் தைத்தாள்.