நடுக்கடலில் எட்டாவது கப்பல்

காப்பீட்டு பில் வியாழக்கிழமை மதியம் வந்தது. 2006ஆம் ஆண்டு முடிய மூன்று நாள் இருந்தது. செல்வகுமார் அதை இரண்டு முறை படித்தான். அல்ஜீரியாவில் புரொப்பேன் வாயு ஏற்றிய எட்டாவது கப்பலுக்கு, ஜப்பானில் இறக்கும் நாள் வரை காப்பீடு. கட்ட வேண்டியது விற்ற கம்பெனி. விற்று முடித்த சரக்குக்கு நாம் ஏன் கட்ட வேண்டும்?

துய்மா வீதி மாடியில் இருந்த அந்தக் கணக்கு அலுவலகத்தில் ஐந்து பேர். மார்செய்யிலுள்ள ஓர் எரிவாயு நிறுவனத்தின் கணக்குகளை இங்கேதான் எழுதினார்கள். செல்வகுமார் மூன்று வருடமாகத் தற்காலிக ஊழியன். இந்த ஆண்டின் விற்பனைக் கணக்கைத் தவறில்லாமல் முடித்துக் கையெழுத்திட்டால் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி அரியாங்குப்பத்தில் வீடு பார்த்து, முன்பணமும் கொடுத்துவிட்டான்.

பில்லை எடுத்துக்கொண்டு பொலினிடம் போனான். அலுவலகப் பொறுப்பாளர் அவர்; பிரெஞ்சுக் காகிதங்களைப் படிப்பவரும் அவர் ஒருவர்தான். அலமாரியிலிருந்து ஒப்பந்தக் கோப்பை இறக்கினார். நான்காவது பக்கத்தில் விரல் நின்றது.

"செல்வா, இது பழைய எஃப்.ஓ.பி. இல்லப்பா. மார்ச்சுலயே மாத்திட்டாங்க. ஜப்பான்ல எறக்குற வரைக்கும் சரக்கு நம்பளுது."

பழைய ஏற்பாட்டில் வாயு கப்பலில் ஏறியதும் விற்பனை முடிந்தது. வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் தவளக்குப்பத்தில், ஒரு விவசாயி மகனான செல்வகுமாருக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் ஊரில் மூட்டையை எடைபோட்டு லாரியில் ஏற்றிவிட்டால் அது வியாபாரியுடையது. லாரி வழியில் கவிழ்ந்தாலும் விவசாயிக்குக் காசு வந்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் கேட்டதேயில்லை. புது ஒப்பந்தத்தின் விலையை மட்டும் அவனுக்குத் தமிழில் குறித்துக் கொடுத்த பொலின், அவன் எந்தத் தேதியில் விற்பனை எழுதுகிறான் என்று பார்த்ததேயில்லை.

முந்தைய ஏழு கப்பல்களும் வருடத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் தவறு வெளியே தெரியவில்லை. எட்டாவது இப்போது இலங்கையைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஜனவரி ஏழில்தான் சேரும். ஒரு கோடி டாலருக்கு மேல் விற்றதாக அவன் எழுதியிருந்த சரக்கு இன்னும் விற்கவேயில்லை.

தவறு என்னுடையது, எட்டாவது கப்பலை இந்த ஆண்டிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தான். பொலின் அதை 'எங்களுடையது' என்று மாற்றி மார்செய்க்குப் பிரெஞ்சில் ஃபேக்ஸ் அனுப்பினார். வேலை போய்விட்டது என்றே இருவரும் நினைத்தார்கள்.

நான்கு மணிக்கு ஃபேக்ஸில் ஒரு தாள் வந்தது. ஜனவரி ஒன்று முதல் செல்வகுமாருக்கு நிரந்தர நியமனம். அவன் புரியாமல் நிற்கும்போதே தொலைபேசி அடித்தது. பொலின் எடுத்தார்; மார்செய்யிலிருந்து. வைத்தபோது முகம் வெளுத்திருந்தது.

"திட்டுனாங்களா மதாம்?"

"திட்டியிருந்தா பரவாயில்லையே. அவங்களுக்கு முன்னாடியே தெரியும்பா. இந்த வருச லாபத்துக்கு அந்தக் கப்பல் வேணுமாம். எழுதுனத அப்படியே வுட்டுட்டு நீ கையெழுத்துப் போடணுமாம்."

"அத எழுதிக் குடுப்பாங்களா?"

"அவங்க ஏன் எழுதறாங்க. எழுதறதுக்குத்தான் நீ இருக்கியே."

செல்வகுமார் நாற்காலியில் உட்கார்ந்தான். தான் தவறு செய்ததுகூட இப்போது பெரிதாகத் தெரியவில்லை. அந்தத் தவறை யாரோ பார்த்துவிட்டு, அது வளரட்டும் என்று பேசாமல் காத்திருந்திருக்கிறார்கள். மதியம் வரை தெரியாமல் செய்தது. இனிக் கையெழுத்திட்டால் தெரிந்தே செய்வது.

கணினியில் எட்டாவது கப்பலை ஜனவரிக்கு மாற்றினான். திருத்திய கணக்குத் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். பொலின் அதைத் தன் பக்கம் இழுத்து, அவன் பெயருக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டுவிட்டு ஃபேக்ஸில் வைத்தார். தாள் மெதுவாக உள்ளே போனது.

"அரியாங்குப்பத்து வூடு?" என்று கேட்டார்.

"வூட்டுக்காரரக் கேட்டுப் பாக்கணும் மதாம். முன்பணத்துல பாதியாவது திருப்பித் தருவாரு."