வெள்ளிக்கிழமை வருகிறவள்

பண்டிகையும் இல்லை, பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நாளும் இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மீன் சோறு சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு, மோமார் தன் மனைவி செய்னபுவின் மடியில் ஒரு ஜோடி தங்கக் காதணியை வைத்தான். டாக்கர் நகரத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள், காரணமில்லாமல் நகை வந்தால் பின்னாலேயே சக்களத்தி வருவாள் என்று. எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று யோசிக்கத் தெரியாதவளா செய்னபு?

அதற்கப்புறம் கண்ணில் பட்டதெல்லாம் சாட்சிதான். மாடி அறைக்கு இப்போது எதற்கு வெள்ளை அடிக்க வேண்டும்? புது மெத்தை எவளுக்கு? கவுலாக் பக்கத்துச் சொந்த ஊரில் கடலை வயலைப் பார்க்க மாதம் ஒரு தடவை போகிறவன் இந்த மாதம் மூன்று தடவை போனானே, கடலையா வா வா என்று கூப்பிட்டது? அவன் குளிக்கும்போது போனை எடுத்தாள். பூட்டு! பன்னிரண்டு வருஷமாகப் பூட்டாத போன். சட்டையை முகர்ந்தாள். விறகுப் புகை வாசம். எவள் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தான்?

ஒரு வீடு, ஒரு புருஷன், ஒரு சமையலறை. பக்கத்து வீட்டில் மூன்று பேர் முறை வைத்துச் சமைத்து, முறை வைத்துப் புருஷனோடு படுத்து, சோப்புக்கும் உப்புக்கும் அடித்துக்கொள்வதைப் பார்த்து, அந்தச் சனியன் நம் வாசலுக்கு வராது என்று இறுமாந்திருந்தவள் அவள். அதுவும் போகப்போகிறதா?

புதன்கிழமை அவன் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டாள்.

"ஒருத்தி வர்றாளா?"

அவன் டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வர்றா. வெள்ளிக்கிழமை."

"அடப்பாவி மனுஷா! வாய் கூசாம சொல்றீங்களே. எத்தனை வயசு? இருபதா?"

"வந்ததும் நீயே பாரு. மரியாதையா நடந்துக்கோ." செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான் கோழை.

எதிர்வீட்டுத் தோழி காரி இரண்டு மணி நேரம் அவள் அழுததைக் கேட்டாள். பிறகு முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"அழுதது போதும்டி. மூத்தாளுக்குன்னு ஒரு உரிமை இருக்கில்ல? பாடித் தீர்த்துருவோம்."

புது மனைவி வாசலில் கால் வைக்கும்போது மூத்தாளின் தோழிகள் கூடி, வாய்க்கு வந்தபடி வசை பாடுவது அங்கே வழக்கம். வந்தவள் தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அத்தனையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பதிலுக்கு ஒரு சொல் பேசக் கூடாது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எட்டுப் பெண்கள் அலுமினியத் தாம்பாளமும் கரண்டியுமாக முற்றத்தில் கூடிவிட்டார்கள். டாக்சி வந்து நின்றது. முதலில் மோமாரின் தங்கை அஸ்து இறங்கினாள். அடுத்துப் புத்தகப் பையோடு பதினெட்டு வயசுப் பெண் ஒருத்தி.

"பார்த்தியா, பார்த்தியா! பால்குடி மறக்காததைப் பிடிச்சிட்டு வந்திருக்கான்!" காரி தாம்பாளத்தில் ஓங்கி அடித்தாள்.

"சட்டி தூக்கத் தெரியாதவளே, கட்டில் தேடி வந்தாயோ?
அடுத்தவள் ஆக்கிய சோற்றுக்கு அவசரமாய் வந்தாயோ?"

எட்டுக் கரண்டியும் சேர்ந்து இறங்கின. செய்னபுவும் தொண்டை கிழியப் பாடினாள். பாடப்பாட நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்வானேன். அந்தப் பெண் பையைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"ஐயோ, நிறுத்துங்கடி பாவிங்களா!" அஸ்து கத்தினாள். "அது அண்ணனோட மக! யுனிவர்சிட்டில சேர வந்திருக்கா!"

பிறகு டாக்சிக்குள் கை நீட்டினாள். "பெரியண்ணி, பார்த்து இறங்குங்க. முழங்கால் பத்திரம்."

இறங்கியவளுக்கு ஐம்பது வயசு இருக்கும். கடலை பிடுங்கிக் காய்த்த கை. வெளுத்த துணி.

பெரியண்ணியா? செய்னபு அஸ்துவைப் பார்த்தாள். அஸ்து தரையைப் பார்த்தாள்.

"இவங்கதான் மோமார் அண்ணனோட முதல் பொண்டாட்டி. உங்களைக் கட்டிக்கொடுத்த உங்க பெரியப்பாவுக்கே தெரியும் அண்ணி. பள்ளிவாசல்ல ஆம்பளைங்க மட்டும் கூடி உங்க கல்யாணம் முடிச்சு, வந்தவங்களுக்குக் கோலாக்கொட்டை பங்கு வச்ச அன்னைக்கே அவங்களுக்கு எல்லாம் தெரியும். உங்ககிட்ட அண்ணனே சொல்வான்னு இருந்துட்டோம்."

பன்னிரண்டு வருஷம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். அவள் தின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

வந்தவள் மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"எனக்கும் ஒருத்தரும் சொல்லலம்மா. நீ வந்து மூணு வருஷம் கழிச்சு, கடலை வாங்க வந்த வியாபாரி சொல்லித்தான் தெரியும். அன்னைக்கு வயல்ல தனியா உட்கார்ந்திருந்தேன். எனக்காகப் பாட ஒரு நாதியில்ல."

செய்னபுவுக்கு மோமாரைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது. அவன்தான் இல்லையே, எந்தத் தேநீர்க் கடையில் ஒளிந்திருக்கிறானோ! அவள் தன் தலைத்துணியை அவிழ்த்து முகம் மறையப் போர்த்திக்கொண்டு, மூத்தவளின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"பாடுங்கடி," என்றாள் துணிக்குள்ளிருந்து. "இளையாள் நான்தான்."

காரி தாம்பாளத்தைக் கீழே போட்டாள். மூத்தாள்தான் குனிந்து, கீழே கிடந்த தாம்பாளத்தை எடுத்து, அழுகையோடு முதல் அடியைப் பாட ஆரம்பித்தாள்.