பாயில் யாராவது இருக்கவேண்டும்

1

இந்தக் கதை அருவியில் பிறக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், அடுத்த மேசைக்காரரின் கைப்பேசியை எட்டிப் பார்த்ததில் பிறந்தது. எட்டிப் பார்ப்பது கெட்ட பழக்கம்தான். அதையும் விட்டுவிட்டால் எழுதுகிறவர்கள் பட்டினி கிடக்கவேண்டியதுதான். அவர் தன் நண்பருக்கு அருவிப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு குடும்பமே கழுத்தளவு தண்ணீரில் நின்று பல்லைக் காட்டியது.

“யாரு எடுத்தது?” என்றார் நண்பர்.

“வீட்டுக்காரி.”

“அவங்க குளிக்கலையா?”

“அப்புறம் சாமான யாரு பார்த்துக்கிறது?”

கேட்டதே தப்பு என்பதுபோல நண்பர் தலையாட்டினார். இருவரும் ரசத்துக்குக் கை காட்டினார்கள். நான் பில்லைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: “பச்சைப் போர்வை போர்த்திய மலையின் மடியில், உருக்கிய வெள்ளியாக...”

(நிறுத்திவிட்டேன். இதற்குமேல் போனால் சுற்றுலாத் துறை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடும்.)

இரண்டாம் தொடக்கம்: “தண்ணீரைக் கண்டதும் ராஜினிக்குத் தன் பள்ளிப் பருவம்...”

(வேண்டாம். தண்ணீரைக் கண்டதும் ராஜினிக்கு வந்தது வியர்வை. காரணம் பிறகு.)

மூன்றாம் தொடக்கம்: “ராஜி, இதைப் பிடி” என்றார் சிவேந்திரன்.

இது போதும். இந்தக் குடும்பத்தின் எல்லா உல்லாசப் பயணங்களும் இப்படித்தான் தொடங்குகின்றன.

3

“ராஜி, இதைப் பிடி” என்றார் சிவேந்திரன். மனைவியிடம் அவர் நீட்டியது மூக்குக்கண்ணாடி. அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், சாலாக் செலாத்தானில் சொந்த வீடு, வருஷத்துக்கு ஒரு முறை உறவுகளை உலு லங்காட் பக்கத்து அருவிக்கு அழைத்துப் போவது அவருடைய தலைமைப் பண்பு. (அருவியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவீர்கள்.) காட்டுக்குள்ளே பாறையைத் தண்ணீரே குடைந்து மூன்று குளங்களாக வைத்திருக்கிறது. கீழ்க்குளம் முழங்காலளவு, குழந்தைகளுக்கு. நடுக்குளத்தில் பெரியவர்கள் நின்றுகொண்டே தங்களை நீச்சல்காரர்களாக நினைத்துக்கொள்ளலாம். மேல்குளம் ஆழம். அங்கே இளசுகள் பாறையிலிருந்து குதிக்கும்.

கண்ணாடிக்குப் பிறகு கார்ச் சாவி. பிறகு பிள்ளைகளின் கைப்பேசிகள். பிறகு சிவேந்திரனின் தங்கை ஜனகா வந்து, தன் கழுத்திலிருந்த தாலிக்கொடியைக் கழற்றினாள். யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடி. அதன் கனத்துக்கு, போட்டுக்கொண்டு நீந்தினால் நேரே அடியில் போய் உட்காரலாம்.

“மச்சாள், பேக்ல வச்சா குரங்கு தூக்கிடும் லா. உங்க கழுத்திலேயே போட்டுக்கோங்க. அதுதான் சேஃப்.”

தாலியை எக்காரணம் கொண்டும் கழற்றக்கூடாது என்று, கல்யாணமான புதிதில் ராஜினிக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தவளும் இதே ஜனகாதான். இப்போது ராஜினியின் கழுத்தில் இரண்டு தாலிக்கொடி. ஜனகாவின் கணவர் குரு அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். அவர் எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை.

பாயில் உட்காருவதற்கு ஒரு முறை இருக்கிறது. அருவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரவேண்டும். ஏனென்றால் குரங்குகள் வருவது காட்டுப் பக்கமிருந்து. “ராஜி, ஒரு படம்” என்று குரல் வந்தால் திரும்பி எடுத்துவிட்டு, மறுபடி காட்டைப் பார்க்கவேண்டும். இருபது வருஷமாக இந்த அருவியை அவள் பார்த்ததெல்லாம் உள்ளங்கையளவு கேமராத் திரை வழியாகத்தான்.

4

இங்கே ஒரு சந்தேகம் வந்து நான் இரண்டு நாள் எழுதவில்லை.

முதலில் ராஜினியைப் பொறுமையின் சிகரமாகத்தான் எழுதினேன். பெருமூச்சு விடுவாள், கண் கலங்குவாள், வாசகர்களும் கலங்குவார்கள், ஏதாவது ஒரு சங்கம் எனக்குப் பொன்னாடை போர்த்தும். ஆனால் எழுத எழுத அவள் பெருமூச்சே விடவில்லை. கழுத்துப் பட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள், வியர்த்துக் கொட்டினாள். மரத்தடி நிழல், பக்கத்தில் அருவி, இவளுக்கு மட்டும் என்ன வெயில்?

மூன்றாம் முறை எழுதியபோதுதான் பிடிபட்டது. பஞ்சாபி சூட்டுக்கு உள்ளே ராஜினி நீச்சலுடை அணிந்திருந்தாள். கைக்கும் காலுக்கும் நீண்ட, உடம்பை இறுக்கிப் பிடிக்கிற வகை.*

* எழுதுகிறவனுக்கே தெரியாமல் ஒரு பாத்திரம் உள்ளாடை மாற்றிக்கொள்ளுமா என்று கேட்காதீர்கள். அவள் கணவருக்கே தெரியாது.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் புதன்கிழமைகளில் மனைவி கோயிலில் தேவார வகுப்புக்குப் போகிறாள் என்பதுதான். இழவு வீடுகளில்கூட அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போனது பெட்டாலிங் ஜெயாவில், பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கிய ஒரு நீச்சல் குளத்துக்கு. ஈரத் தலையோடு வந்தால், “கோயிலுக்குப் போறதுன்னா தலைக்குக் குளிக்கணும்ல” என்பாள். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு பெண் பொய் சொல்லி நீச்சல் கற்றுக்கொள்வதை இந்தச் சமூகம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். சமூகம் அப்போது நடுக்குளத்தில் நின்றுகொண்டு தின்னக் கறிபஃப் கேட்டது.

ஏன் கற்றுக்கொண்டாள் என்பதை மட்டும் நேராகவே சொல்லிவிடுகிறேன். முதன்முதலாக மல்லாந்து மிதந்த அன்று அவளுடைய இரண்டு காதும் தண்ணீருக்குள் போயின. ராஜி, மச்சாள், அம்மா, இது எங்கே, அது எங்கே, எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, தண்ணீரில் அது யாருக்கும் தெரியவில்லை. அந்த மாதிரி ஒரு முறை, சுவர் இல்லாத குளத்தில், மரங்களைப் பார்த்துக்கொண்டு மிதக்கவேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆசை. அதுவும் இன்றைக்கே நடந்தாகவேண்டும். தன் முழங்கால் வலியால் அடுத்த வருஷத்திலிருந்து குளுகுளு மாலுக்குத்தான் போவது என்று சிவேந்திரன் குடும்ப வாட்ஸ்அப்பில் அறிவித்துவிட்டார்.

5

கேட்டால் என்ன? கேட்டாள்.

“நானும் கொஞ்ச நேரம் இறங்கட்டுமா?”

“தாராளமா இறங்கு. யாரு வேணாம்னா?” என்றார் சிவேந்திரன் தண்ணீரிலிருந்து. “இதோ, அஞ்சு நிமிஷத்துல நான் வந்து உட்கார்ந்துக்கிறேன். ஆனா நீதான் தண்ணின்னா பயப்படுவியே?”

இந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் தடுப்பதில்லை. அனுமதிக்குப் பஞ்சமே கிடையாது. அந்த ஐந்து நிமிஷத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் காலியாயின, நிழல் பாயை விட்டு நகர்ந்தது, பெரிய ஆண் குரங்கு ஒன்று மரத்திலிருந்து இறங்கி எதிர்ப் பாறையில் வந்து உட்கார்ந்தது.

சாமான்களைக் காரில் பூட்டி வைக்கலாமே என்று எழுதிப் பார்த்தேன். “திருடன் கார்க் கண்ணாடிய உடைச்சிடுவான்” என்றது நடுக்குளம் ஒரே குரலில். சரி, உடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம், கார்ச் சாவி யாரிடம்?

குருவை மேலே ஏற்றி உட்கார வைக்கலாமே என்று... (அவர் தண்ணீருக்கடியில் போய்விட்டார். மூச்சுப் பிடிக்கிறாராம்.)

6

பக்கத்துப் பாயில் முத்து பீவி உட்கார்ந்திருந்தார். கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம். அவர் மடியிலும் நாலு கைப்பேசி, ஒரு கைக்கடிகாரம், மருமகனின் பர்ஸ். அவரும் அருவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். ராஜினி கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டதில், உள்ளேயிருந்த கறுப்புத் துணி அவர் கண்ணில் பட்டது.

“உள்ளுக்குப் போட்டிருக்கீங்களா அக்கா?” என்றார் மெதுவாக.

ராஜினி தலையாட்டினாள். இந்த உலகத்தில் அதைக் கண்டுபிடித்த முதல் ஆள்.

“அப்ப போங்க. நான் பார்த்துக்கிறேன்.”

வாசகர்களே, முடிவு கிடைத்துவிட்டது என்று நான் காப்பி போட எழுந்துவிட்டேன். பெண்ணுக்குப் பெண் துணை, மதம் கடந்த நேசம், மேடையில் வாசித்தால் கைதட்டல் நிச்சயம். திரும்பி வந்தால் ராஜினி இடத்தை விட்டு அசையவில்லை.

“அப்ப நீங்க எப்பமா குளிப்பீங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

முத்து பீவிக்கு அந்தக் கேள்வி புதிது. மடியிலிருந்த கைப்பேசிகளை எண்ணி அடுக்கினார். “காலையாவது நனைக்கணும்னு நெனப்பேன்” என்றார். பிறகு இரண்டு பேருமாகக் குரங்கைப் பார்த்தார்கள்.

7

அப்புறம் நடந்ததை நான் திட்டமிடவில்லை. ராஜினி நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, நீங்க கொஞ்சம் பிடிங்களேன்.”

“நான் எழுதிட்டு இருக்கேன்மா.”

“எல்லாருமே ஏதாவது ஒண்ணு பண்ணிட்டுத்தான் இருக்காங்க” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பேனாவைக் கீழே வைத்தால் கதை நின்றுவிடும், கதை நின்றால் அவள் பாயிலேயே இருந்துவிடுவாள். (சிவேந்திரனின் ஐந்து நிமிஷத்தைவிட இது ஒன்றும் மேலான சாக்கு இல்லை என்று எனக்கே தெரிகிறது.)

8

ஆகவே, நீங்கள்.

ஆமாம், உங்களைத்தான். நீங்கள் குளிக்க வந்தவர் இல்லை. காய்ந்த உடம்போடு, வசதியாக உட்கார்ந்து, சும்மா படித்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தாருங்கள், கண்ணாடி. கீறல் விழக்கூடாது. இது கார்ச் சாவி. இவை கைப்பேசிகள், கடிகாரம், பர்ஸ். ஜனகாவின் தாலிக்கொடியைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், ஆணாக இருந்தாலும் பரவாயில்லை, அதுதான் சேஃப். ராஜினியுடையதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். கழற்றும்போது அவள் கை ஒரு கணம் நின்றது, பிறகு நிற்கவில்லை.

இப்போது பாயில் உட்காருங்கள். அப்படி இல்லை, காட்டைப் பார்த்து.

உங்கள் இரு பக்கமும் இரண்டு பெண்கள் எழுந்து போவது தெரிகிறது. ஒருத்தி கொலுசுச் சத்தத்தோடு கீழ்க்குளத்துப் பக்கம். இன்னொருத்தி பாறை மேல் ஏறுகிறாள். ஒரு துப்பட்டா உங்கள் மடியில் வந்து விழுகிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் அருவியின் இரைச்சல் மட்டும். பிறகு மேல்குளத்தில் தொபீரென்று ஒரு சத்தம்.

“யாரது? ராஜியா அது?” என்று சிவேந்திரனின் குரல். அதற்குப் பிறகு யாரோ சிரிக்கிறார்கள், அல்லது அழைக்கிறார்கள், இந்த இரைச்சலில் பிரித்தறிய முடியவில்லை.

திரும்பிப் பார்க்காதீர்கள். என்ன ஆயிற்று, மிதந்தாளா என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். பாயில் இருப்பவர்களுக்கு யாரும் அதைச் சொல்வதில்லை. ஈரத்தோடு வந்து, “போரடிச்சுதா?” என்று மட்டும் கேட்பார்கள்.

குரங்கைப் பாருங்கள். பாறையிலிருந்து இறங்கிவிட்டது.