நாலாவது வண்டி

இலந்தைக் கிளையை வெட்டிக் கையில் வாங்கிய நொடியிலிருந்து டுமிசா கூமெடே யாரிடமும் பேசக் கூடாது. செத்துப்போன தம்பியிடம் மட்டும் பேசலாம். அவன் விழுந்த இடத்துக்குப் போய், கிளையை அந்த மண்ணில் படும்படி வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவனை அதில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து, அம்மாவின் பாயில் இறக்குகிற வரைக்கும் உயிரோடிருக்கிற ஒருவரிடமும் ஒரு வார்த்தை கிடையாது. மற்றவர்களுக்கு இது பெரிய காரியமில்லை. டுமிசா சரணாலய வேலிக்கு அந்தப் பக்கம், காட்டு விடுதியில், மதுக்கூடத்தில் நிற்கிறவன். ஊற்றிக் கொடுப்பது பாதி வேலை, பேசுவது மீதி வேலை. லண்டன்காரர் வீட்டு நாய்க்கு என்ன வியாதி, சூரிக் அம்மாவுக்கும் மருமகளுக்கும் ஏன் ஆகாது என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. மத்தியானம் முற்றத்தில் அவன் தயாராகி நின்றபோது, அழுது வீங்கிய கண்ணோடு தங்கை ஜபுலிலே பார்த்தாள். "நீ எப்படிண்ணே வாய மூடிக்கிட்டு இருப்ப? பிளாஸ்திரி வேணா வாங்கிட்டு வரட்டா?" என்றாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் நாலு பேர் சிரித்தார்கள். டுமிசாவும் சிரித்தான். பிறகு மாமா கிளையை வெட்டிக் கொடுத்தார். அதோடு சரி.

லிந்தானி அதே விடுதியில் தடம் பார்க்கிறவனாக இருந்தான். ஜீப்பின் மூக்கில், எஞ்சின் மூடிக்கு முன்னால் ஓர் இருக்கை பொருத்தியிருப்பார்கள், அதில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, மண்ணைப் பார்த்துக்கொண்டே போவான். போன ஞாயிறு சாயங்காலம் வறண்ட ஓடைப் பக்கம் சிறுத்தையின் தடம் கண்ணில் பட்டிருக்கிறது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, மரூலா மரத்தடி வரைக்கும் போயிருக்கிறான். புதருக்குள் கிழட்டுக் காட்டெருமை ஒன்று, காலில் காயத்தோடு படுத்திருந்ததை அவனும் பார்க்கவில்லை, வண்டி ஓட்டிய டெவால்டும் பார்க்கவில்லை. டெவால்ட் துப்பாக்கியை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யார் மேலும் தப்பில்லை என்று போலீஸ் சொன்னது, விடுதி சொன்னது, ஊரும் சொன்னது. டுமிசாவுக்கும் அது தெரியும். சட்டையைப் பிடித்து உலுக்க ஓர் ஆள் கிடைத்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று மட்டும் தோன்றியது.

பிணவறையிலிருந்து உடம்பு வந்து சேர்ந்துவிட்டது. நாளை விடிந்ததும் அடக்கம். மாட்டை அறுத்தாகிவிட்டது, ஊர்ப் பெண்கள் பெரிய இரும்புச் சட்டிகளில் களி கிண்டத் தயாராகிவிட்டார்கள். ஆனால் உடம்புதான் வந்திருக்கிறது, ஆள் வரவில்லை. ஆள் இன்னும் அந்த மரூலா மரத்தடியில், என்ன நடந்தது என்று புரியாமல் நின்றுகொண்டிருக்கிறான். போய்க் கூட்டிவராமல் புதைத்தால் வெறும் கூட்டைப் புதைத்த மாதிரி. இதையெல்லாம் திங்கட்கிழமையே செய்திருக்க வேண்டும். போலீஸ் வர வேண்டும், பெரிய அலுவலகத்திலிருந்து ஆள் வர வேண்டும், அவர்கள் பார்க்கிற வரைக்கும் அங்கே யாரும் போகக் கூடாது என்று விடுதிக்காரர்கள் நாளைக் கடத்தி, கடைசியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போகலாம், இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்றார்கள். விருந்தாளிகள் மிருகம் பார்க்கக் கிளம்புகிற அதே நேரம். அம்மா பாயில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிள்ளைய காட்டுல விட்டுட்டு நான் எப்படிடா கதவச் சாத்துவேன்?" என்று மட்டும் சொன்னாள்.

டெவால்ட் வாசலில் பழைய ஜீப்போடு காத்திருந்தான். வெள்ளைக்காரன்தான், ஆனால் பண்ணையில் ஜூலுப் பிள்ளைகளோடு வளர்ந்தவன், அவர்கள் பாஷைதான் அவனுக்கு முதல் பாஷை. அந்த வாரம் முழுக்க அவன் தூங்கியதாகத் தெரியவில்லை. டுமிசாவின் கையில் கிளையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். பேசக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும், அதனால் ஜபுலிலேயிடம்தான் கேட்டான். "திரும்பி வரும்போது லிந்தானி எங்க உக்காருவான், அக்கா? எந்த எடத்தக் காலியா விடணும்?"

"எப்பவும் உக்கார்ற எடத்துலதான்," என்றாள் ஜபுலிலே. முன்னால் இருந்த இருக்கையை மூன்று பேரும் பார்த்தார்கள்.

காட்டுக்குள் பாதி தூரம் போவதற்குள் வயர்லெஸ் பேச ஆரம்பித்துவிட்டது. சிறுத்தை கண்ணில் பட்டுவிட்டதாம். மான் ஒன்றை அடித்து மரத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு கிளையில் படுத்திருக்கிறதாம். எல்லா விடுதிகளிலிருந்தும் வண்டிகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. எந்த மரம் என்று டெவால்ட் கேட்டான். பதில் வந்ததும் வண்டியை மெதுவாக்கி, பிறகு நிறுத்தியே விட்டான். அதே ஓடை, அதே மரூலா மரம். அந்த வட்டாரத்தில் உயரமான மரம் அது ஒன்றுதான், சிறுத்தை வேறு எங்கே போகும்?

ஒரு மிருகத்துக்கு மூன்று வண்டிகள்தான் என்பது காட்டின் சட்டம். நாலாவது வண்டி தள்ளி நின்று, ஒன்று கிளம்பிய பிறகுதான் உள்ளே போகலாம். தலைமை வழிகாட்டி மியேனியிடம் டெவால்ட் வயர்லெஸ்ஸில் கெஞ்சினான். மியேனி ஈவு இரக்கம் இல்லாதவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை லிந்தானியைத் தூக்கி வண்டியில் கிடத்தியதில் அவர் கையும் உண்டு. நாளை குழி வெட்ட அவரும் வருவார். மற்ற விடுதிகளின் வண்டிகளை விரட்ட தனக்கு அதிகாரம் இல்லை என்றார். ஒன்று கிளம்பினால் அடுத்தது உங்களுக்குத்தான், அதற்கு மேல் தன்னால் ஆகாது என்றார்.

"எங்க தம்பியக் கூட்டிட்டுப் போக நாங்க வரிசைல நிக்கணுமா?" என்றாள் ஜபுலிலே. டுமிசா பல்லைக் கடித்துக்கொண்டு கிளையை மடியில் வைத்திருந்தான். இலந்தையில் ஒரு முள் நேராக இருக்கும், அடுத்தது கொக்கிபோல வளைந்திருக்கும். அந்தக் கொக்கிகள் கால்சட்டையைக் கவ்விப் பிடித்திருந்தன. அவனுக்குச் சொல்ல அவ்வளவு இருந்தது. இத்தனை வருஷம் அந்த விருந்தாளிக் கூட்டத்துக்குச் சிரித்துச் சிரித்து ஊற்றிக் கொடுத்த வாயில், இப்போது ஒரு கெட்ட வார்த்தை உருண்டுகொண்டு கிடந்தது. திறந்தால் தம்பி போய்விடுவான். விழுங்கினான்.

வெயில் மஞ்சளாகி, பிறகு சிவப்பாகத் தொடங்கியது. ஒருவழியாக ஒரு வண்டி திரும்பி வந்தது, அவர்களுடைய விடுதி வண்டிதான். குறுகலான பாதையில் இரண்டும் உரசுகிற மாதிரி நின்றன. உள்ளேயிருந்து வெள்ளைமுடிப் பெண் ஒருத்தி கையை ஆட்டி, "சவுபோனா, டுமி!" என்று ஜூலுவில் வணக்கம் சொல்லிக் கூவினாள். வருஷா வருஷம் வருகிறவள். புருஷன் செத்த வருஷம் மதுக்கூடத்தில் உட்கார்ந்து அழுதவள், அன்று விளக்கணைக்கும் வரைக்கும் டுமிசாதான் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் கேமராவைத் திருப்பி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். சின்னத் திரையில் மரம் இருந்தது. கிளையில் சிறுத்தை வாலைத் தொங்கவிட்டிருந்தது. கீழே கொஞ்சம் மண்ணும் தெரிந்தது. தம்பி செத்த இடத்தை டுமிசா முதலில் பார்த்தது அப்படித்தான்.

அவன் ஒன்றும் பேசாமல் இருப்பதைப் பார்த்து அவள் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. பிறகு டெவால்டிடம், இந்தத் தடவை லிந்தானியைக் கண்ணிலேயே காணோமே, அவன் எங்கே என்று கேட்டாள்.

விருந்தாளிகளிடம் சொல்லக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. "லீவுல இருக்கான் மேடம்," என்றான் டெவால்ட்.

அவனிடம் நான் கேட்டதாகச் சொல் என்று சொல்லிவிட்டு அவள் போனாள். ஜபுலிலேக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். டெவால்டின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். டுமிசாவுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. தான் அந்த இடத்தில் இருந்திருந்தால், அதே விடுதிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தானும் அதையேதான் சொல்லியிருப்பான்.

மரத்தடிக்கு இருபது தப்படி தூரத்தில் வண்டி நின்றது. அதற்கு மேல் போனால் சிறுத்தை மிரளும், மிரண்டால் குதிக்கும், எந்தப் பக்கம் குதிக்கும் என்று யாருக்குத் தெரியும்? மற்ற இரண்டு வண்டிகளும் அந்தப் பக்கம் அரைவட்டமாக நின்றன, கேமராக்கள் ஓயாமல் சொடுக்கிக்கொண்டிருந்தன. சிறுத்தைக்கு நேர் கீழே புல் நசுங்கிக் கிடந்தது. பக்கத்தில் கொஞ்சம் மண் கிளறியிருந்தது. டுமிசா படியில் காலை வைத்தான்.

டெவால்ட் சட்டென்று திரும்பினான். சிறுத்தையின் கண்ணெதிரே யாரும் இறங்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதை இன்னும் கடுமையாக்கியிருந்தார்கள். மியேனியும் வயர்லெஸ்ஸில் அதையேதான் சொன்னார், ஒரு வீட்டுக்கு ஒரு சாவு போதும் என்றார். டுமிசா காலை எடுக்கவில்லை. பேசவும் முடியாது. அப்போதுதான் அவனுக்கு அது தோன்றியது. முன்னால் இருந்த காலி இருக்கையைப் பார்த்து, கிளையை வாங்கியதிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"லிந்தானி, உன் கூட்டாளிகிட்ட நீயே சொல்லுடா. ஒரே நிமிஷம். எறங்கி, தொட்டுட்டு ஏறிடுறேன்."

டெவால்டின் முகம் கோணியது. அவனும் அந்த இருக்கையைத்தான் பார்த்தான். "லிந்தானி, அண்ணன்கிட்ட சொல்லுடா. அன்னைக்கும் ஒரே நிமிஷம்னுதான் நீ எறங்குன. இன்னொருத்தர என்னால எறக்கிவிட முடியாது. என்னால முடியாதுடா."

மரத்தின் மேல் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. பாயில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை டுமிசா நினைத்துப் பார்த்தான். நாளைக்கு இரண்டு குழி வெட்ட வேண்டி வந்தால் அவள் தாங்க மாட்டாள். காலை உள்ளே இழுத்துக்கொண்டான். ஆத்திரமாக வந்தது, அழுகையாகவும் வந்தது. அந்த இடம் அதோ, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. கையால் தொட முடியவில்லை. மிருகங்கள் மிதித்துவிட்டுப் போகிற மண்தானே அது?

ஜபுலிலே அவன் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் வண்டியிலிருந்து எட்டுகிற மட்டும் சாய்ந்து, கிளையின் நுனி புல்லில் படும்படி நீட்டினான். தலைக்கு இரத்தம் ஏறியது. இருபது தப்படி தள்ளி இருக்கும் மண்ணுக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டும், கத்தினால் சிறுத்தை மிரளும். அதனால் மெதுவாகவே கூப்பிட்டான், பக்கத்து அறையில் தூங்குகிறவனை எழுப்புவதுபோல.

"லிந்தானி கூமெடே. அண்ணன் வந்திருக்கேன். இவ்வளவு தூரந்தான் விட்டாங்க. மிச்சத்த நீ நடந்து வந்துடுடா. அம்மா காத்துக்கிட்டிருக்கா. வா, வீட்டுக்குப் போலாம்."

ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காது என்பது அவனுக்கும் தெரியும், ஆனால் மனதுக்குள் ஏதாவது ஒன்று பட வேண்டும் என்பார்கள். கை கனக்கும், இல்லையென்றால் பிடரியில் சிலிர்க்கும். அவனுக்கு முதுகு வலித்ததுதான் மிச்சம். எதிரே நின்ற வண்டியில் ஒருவர் கேமராவை இந்தப் பக்கம் திருப்பி, ஒரு நொடி வைத்திருந்துவிட்டு, கீழே இறக்கினார். வயர்லெஸ் கரகரத்தது. இருட்டப் போகிறது, காட்டு வாசலை மூடப் போகிறார்கள், இன்னொரு வண்டியும் காத்திருக்கிறது.

டெவால்ட் வண்டியைப் பின்னால் எடுத்தான். அப்போதுதான் டுமிசாவின் கையில் அந்த இழுப்பு தெரிந்தது. கிளையின் நுனியை எதுவோ பிடித்துக்கொண்டது. புல் வேராக இருக்கலாம். கொக்கி முள்ளாயிற்றே, எதில் வேண்டுமானாலும் மாட்டும். ஆனால் சின்னப் பிள்ளை சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு கூட வருகிறேன் என்கிற மாதிரியே இருந்தது. இல்லை, போகாதே என்கிற மாதிரி. நிறுத்து என்று டெவால்டிடம் சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லக் கூடாது. வண்டி நகர்ந்தது, கிளை வில்லாக வளைந்தது, நுனியில் ஒரு கொப்பு ஒடிந்து அங்கேயே நின்றுவிட்டது. மிச்சம் கையோடு வந்தது.

திரும்பிப் பார்க்கக் கூடாது. வழி முழுக்க அவன் பார்க்கவில்லை. முன்னால் இருந்த இருக்கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கியபோதெல்லாம் அதன் பெல்ட் ஆடியது. வந்தானா, அங்கேயே நின்றுவிட்டானா? ஒடிந்த கொப்பில் இருந்தானா, கையில் இருக்கிற கிளையில் இருக்கிறானா? ஜபுலிலே அவன் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். வாசல்காரன் விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தான், அவர்களுக்காகக் குறுக்குத் தடியைத் தூக்கிப் பிடித்தான்.

வீட்டில் எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். சவப்பெட்டி வட்டக் குடிசையின் பின்சுவர் ஓரமாக இருந்தது, மெழுகுவர்த்திகள் எரிந்தன. அம்மாவின் பாயில், அவளுக்குப் பக்கத்தில், லிந்தானிக்கென்று போர்வை விரித்திருந்தார்கள். டுமிசா முட்டி போட்டு கிளையை அதில் வைத்தான். வைத்த பிறகு பேசலாம். ஆனால் அவ்வளவு பேச்சையும் வைத்துக்கொண்டு அவனுக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

"வந்துட்டானா?" என்றாள் அம்மா.

எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள். ஜபுலிலே தரையைப் பார்த்தாள்.

"வந்துட்டாம்மா," என்றான் டுமிசா. "கூப்பிட்ட ஒடனே வந்துட்டான்."

பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். அம்மா கிளையை அடியிலிருந்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள், முள் குத்துவதைக்கூடப் பொருட்படுத்தவில்லை. நுனிக்கு வந்ததும் விரல் நின்றது. அங்கே பட்டை கிழிந்து, உள்ளிருந்த வெள்ளை ஈரமாகவே இருந்தது. அவள் நிமிர்ந்து டுமிசாவின் முகத்தைப் பார்த்தாள். போர்வையின் ஓரத்தை இழுத்து, தூங்குகிற பிள்ளையின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலை மூடுவதுபோல, அந்த ஒடிந்த இடத்தை மூடினாள்.