ஆறாவது கிண்ணம்

1

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மலாக்கா பக்கம் ஜாசினில் ஒரு வீட்டு விருந்தில் நான் "போதும்" என்று சொன்னேன். வயிறு நிறையவில்லை, மரியாதைக்குச் சொன்னது. அதைச் சரிக்கட்டத்தான் இந்தக் கதை. ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். கிண்ணங்களை மாற்றவில்லை.

2

கிருஷ்ணவேணி கண்ணாடிக் கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, தன் வாழ்க்கையே அதில்

(வேண்டாம். கிண்ணத்தில் வாழ்க்கை தெரியாது. சோப்பு சரியாகப் போயிருக்கிறதா என்பதுதான் தெரியும்.)

இப்படித் தொடங்குகிறேன். கிருஷ்ணவேணியின் கணவர் காண்டீபன், நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். இனிப்பு என்றால் உயிர். இனிப்பு நீர் வந்து, போன வருடம் இடது காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு விருந்தென்றால் எல்லோருக்கும் பாயசம், அவருக்கு மட்டும் தட்டில் நாலு துண்டு கொய்யா. எல்லோருடைய கண்ணும் அந்தக் கொய்யாமேல்தான் இருக்கும். "காரை நிழல்ல போட்டுட்டு வரேன்" என்று அவர் எழுந்து போய்விடுவார். கார் ஏற்கெனவே நிழலில்தான் நிற்கும்.

விரல் போனதைக்கூடக் கிருஷ்ணவேணி தாங்கிக்கொண்டார். முப்பத்தோரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர் பாதி விருந்தில் எழுந்து போவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கிளினிக்கில் கேட்டுப் பார்த்தார். எப்போதாவது நாலு மேசைக்கரண்டி சாப்பிடலாம், அதற்கு மேல் கண்டிப்பாகக் கூடாது என்றார்கள். நாலு கரண்டியைப் பாயசக் கிண்ணத்தில் ஊற்றினால், அது கொய்யாவைவிடப் பரிதாபமாக இருந்தது.

3

அந்தக் கண்ணாடிக் கிண்ணங்களை அவர் குருபோங்கில் ஒரு பாத்திரக் கடையில் கண்டார். ஆறு கொண்ட செட். பூவிதழ் விளிம்பு, குட்டைக் கால், கீழ்ப்பாதி முழுக்க வெறும் கண்ணாடிக் கட்டி. கிருஷ்ணவேணி கைப்பையிலிருந்து மேசைக்கரண்டியை எடுத்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரால் அங்கேயே அளந்தார். நாலு கரண்டி. ஐந்தாவது வழிந்தது. (கடைக்காரப் பெண் முறைத்தாள். அவளுக்கு ஒரு பெயர் வைத்து, பிறகு எடுத்துவிட்டேன்.)

கண்ணாடியெல்லாம் வீட்டுப் புழக்கத்துக்கு ஆகுமா என்கிறீர்களா? முழுசாக ஆகும் என்று சொல்ல மாட்டேன். ஒன்றின்மேல் ஒன்று அடுக்க முடியாது. கையால்தான் கழுவ வேண்டும். சூடாக எதையும் ஊற்றக் கூடாது. முதல் வரைவில் கிருஷ்ணவேணியைச் சூடான பாயசம் ஊற்ற வைத்தேன். சரிவருமா என்று எங்கள் வீட்டுக் கிண்ணம் ஒன்றில் ஊற்றியும் பார்த்தேன். 'டிக்' என்றது. என் மனைவி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆகவே இந்த வரைவில் சாகோ. சவ்வரிசியை வேக வைத்துக் குளிரவிட்டு, மேலே தேங்காய்ப்பாலும் குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லப் பாகும்.

4

ஞாயிற்றுக்கிழமை மதியம். மேசையில் ஐந்து பேர்: காண்டீபன், கிருஷ்ணவேணி, காண்டீபனின் தம்பி நகுலன், நகுலனின் மனைவி ஜனகா, நகுலனின் சிநேகிதனான நான். எல்லோர் முன்னாலும் ஒரே மாதிரிக் கிண்ணம், ஒரே அளவு. கொய்யா இல்லை.

நாற்காலியைப் பின்னால் தள்ளிய காண்டீபன், தன் முன்னால் வந்த கிண்ணத்தைப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்தார். (இங்கே அவர் கண் கலங்கியதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். கரண்டியைத் தேடினார், அவ்வளவுதான்.)

இரண்டு வாய் தின்றபின் கிண்ணத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கினார். முப்பது வருடம் அளந்து பழகிய கண் அல்லவா.

"வேணி, பாதிதான் சாகோ. மீதி கண்ணாடி லா!"

"எல்லாருக்கும் அதே பாதிதான். பேசாம சாப்புடுங்க."

"நல்லா ஏமாத்துற."

"கண்ணாடியில என்னங்க ஏமாத்து? எல்லாந்தான் வெளிய தெரியுதே."

அவர் சிரித்துவிட்டார். மிச்சத்தைக் கரண்டி நுனியால் கிள்ளிக் கிள்ளித் தின்றார். கிருஷ்ணவேணிக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு வாய் ருசித்தது. கதையை நான் இங்கேயே முடித்திருக்க வேண்டும்.

5

ஆனால் செட்டில் ஆறு. பரிமாறும் தட்டில் ஓர் இடம் காலியாக இருப்பது கிருஷ்ணவேணிக்குப் பிடிக்காது. கைப்பழக்கத்தில் ஆறையும் நிரப்பிவிட்டிருந்தார்.

"தம்பி, இன்னொன்னு எடுத்துக்குங்க," என்று என்னிடம் நீட்டினார்.

"ஐயோ, போதும்க்கா."

"எனக்கும் போதும் அண்ணி," என்றார் நகுலன். ஜனகாவும் தலையாட்டினார். எல்லோரும் நல்லபடி வளர்க்கப்பட்டவர்கள். கிண்ணம் மேசை நடுவில் இறங்கியது. காண்டீபனின் கிண்ணம் காலி. நடுவில் இருந்த கிண்ணத்தை அவர் பார்த்தார். கிருஷ்ணவேணி அவரைப் பார்த்தார்.

(கிருஷ்ணவேணியே சாப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். விருந்தாளிக்கு நீட்டியதைத் திருப்பி எடுத்துத் தின்கிற ரகமில்லை அவர்.)

முடிவு ஒன்று: காண்டீபன் எடுக்கிறார், யாரும் தடுக்கவில்லை. அவருடைய காலை நினைத்துக்கொண்டேன். தாளைக் கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: கிருஷ்ணவேணி கிண்ணத்தை எடுத்துப்போய்க் குளிர்பெட்டியில் வைக்கிறார். எதற்காக என்று மேசையில் எல்லோருக்கும் புரிகிறது. காண்டீபன் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறார். "காரை நிழல்ல

(முடிக்க மனம் வரவில்லை.)

அன்று நடந்தது இந்த இரண்டில் ஒன்றுதான். எது என்று சொல்லப் போவதில்லை.

6

மூன்றாவது முடிவு ஒன்று இருக்கிறது. அதற்கு ஓர் ஆள் குறைகிறது. அதனால் மேசையோரம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். உட்காருங்கள்.

கிருஷ்ணவேணி கிண்ணத்தை உங்கள் பக்கம் நகர்த்துகிறார். "சாப்புடுங்க, கொஞ்சம்தான்," என்கிறார். உண்மையிலேயே கொஞ்சம்தான். நாலு கரண்டி. காண்டீபன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

தயவுசெய்து மரியாதை பார்க்காதீர்கள்.